சரியில்லாத காதல் நாவலுக்கும் முழு மதிப்புரை வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு நூல் மதிப்புரைப் பக்கத்தில் காதல் நாவல்களும் பதின்பருவத்தினருக்கான நாவல்களும் இரண்டே விதமாகத்தான் இடம்பெறுகின்றன. ஒன்று, 'வரப்பெற்றோம்' பகுதியில் தலைப்பு, பதிப்பகம், விலை என்று ஒற்றை வரி. அல்லது, பின்னட்டையில் இருப்பதையே கொஞ்சம் மாற்றி எழுதி, 'இளைய தலைமுறையினர் அவசியம் வாசிக்க வேண்டிய நூல்' என்று முடிக்கும் ஒரு பத்தி. நாவல் சரியில்லை என்றால் அது வெளியே தெரிவதே இல்லை. கவிதைத் தொகுப்பையும் வரலாற்று நூலையும் குறை சொல்லி எழுதத் தயங்காத பக்கம் இது. காதல் நாவலைக் குறை சொல்லும் அளவுக்குக்கூட யாரும் பொருட்படுத்தவில்லை என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் வாசகர்கள் பொருட்படுத்துகிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கோட்டையூர் வட்டாரத்துக் கிளை நூலகங்களில் அட்டை கிழிந்து, பைண்டிங் போட்டு, மறுபடியும் முனை மழுங்கி நிற்கும் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் குடும்ப நாவல், காதல் நாவல். சென்னையில் இருப்பவர் கடைக்குப் போய் நாலு பக்கம் புரட்டிப் பார்த்து வாங்கலாம். இங்கே புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களை விட்டால், அஞ்சலில் வரவழைத்துத்தான் வாங்க வேண்டும். 300, 400 ரூபாய் கொடுத்து வாங்குபவருக்கு முன்கூட்டிக் கிடைக்கும் ஒரே தகவல் மதிப்புரைதான். நூலகம் வாங்கும் புத்தகமும் நம் பணத்தில்தான் வருகிறது. 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் நூலக வரி அது.

1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடையில், ஒரே ஒரு பாட்டுக்கு மணிக்கணக்கில் நடக்கும் வாதத்தைக் கேட்டுப் பழகிய ஊர் இது. நயம் சொல்வதோடு குற்றம் காண்பதையும் ரசிக்கத் தெரிந்த வாசகர்களுக்கு 'அவசியம் வாசிக்க வேண்டிய நூல்' என்ற ஒரு வரி போதாது. சரியில்லாத நாவலுக்கும் முழு மதிப்புரை போடுங்கள். எங்கே சறுக்கியது, ஏன் சறுக்கியது, யாருக்கு அது ஏமாற்றமாக இருக்கும் என்று பக்கத்தைக் காட்டிச் சொல்லுங்கள். இந்த வகை நாவல்களைத் தொடர்ந்து வாசித்து விவாதிக்கிறவர்கள் என்ற முறையில், அதை எப்படிச் செய்யலாம் என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் அளவுகோல். காதல் நாவலைக் காதல் நாவலாகத்தான் அளக்க வேண்டும். இருவரும் கடைசியில் சேர்வார்கள் என்பது அட்டையைப் பார்க்கும்போதே தெரியும். தெரிந்துதான் வாசகர் காசு கொடுக்கிறார். ஆகவே, 'முடிவை முன்பே ஊகித்துவிட முடிகிறது' என்பது குறை ஆகாது. எதைத் தாண்டிச் சேர்கிறார்கள், தாண்டுவதற்குள் இருவரும் எவ்வளவு மாறுகிறார்கள், அந்த மாற்றத்தை நம்ப முடிகிறதா என்பவைதான் கேள்விகள். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்பதும், எனக்குக் குழம்பே ஆகாது என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்பவரிடம் மதிப்புரைக்குப் புத்தகம் கொடுக்க வேண்டாம்.

இந்த வகையில் தோற்கும் நாவல்களில் மிகப் பெரும்பாலானவை தோற்பது தடை என்ற இடத்தில்தான். இருவரையும் பிரித்து வைத்திருப்பது எது என்பதை மதிப்புரையாளர் ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்கட்டும். 'அவன் வேறொரு பெண்ணோடு ஓட்டலில் பேசிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்' என்று அந்த வாக்கியம் வந்தால், அடுத்த கேள்வி: 'யார் அது?' என்று அவள் கேட்டிருந்தால் கதை எத்தனை பக்கத்தில் முடிந்திருக்கும்? தங்கை என்றோ அலுவலகத் தோழி என்றோ அவன் சொல்லியிருப்பான், அதோடு போயிருக்கும். இப்படி ஒரே கேள்வியில் தீர்ந்துபோகும் தடையை வைத்துக்கொண்டு 200 பக்கம் ஓட்ட வேண்டுமானால், ஆசிரியர் இருவரையும் பேசவிடாமல் காவல் காக்க வேண்டியிருக்கிறது. அவள் வாயெடுக்கும்போது கைபேசி அடிக்கிறது. அவன் சொல்ல வரும்போது மாமியார் வருகிறார். அடுத்த முறை யாருக்கோ நெஞ்சுவலி. ஒரு தடவை என்றால் தற்செயல் என்று வாசகர் விட்டுவிடுவார். மூன்றாவது தடவை வரும்போது ஆசிரியரின் கை தெரிந்துவிடுகிறது, பாத்திரங்கள் மீது இருந்த மரியாதையும் போய்விடுகிறது.

அந்த நாவலைப் பற்றி 'விறுவிறுப்பு குறைவு' என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. '64-ஆம் பக்கத்தில் எழும் சந்தேகம் 212-ஆம் பக்கத்தில் ஒரே கேள்வியில் தீர்கிறது. நடுவில் மூன்று முறை கேட்க வாய்ப்பு வந்தும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் அவள் சுபாவத்தில் காட்டப்படவில்லை' என்று எழுதினால் வாசகருக்கும் பயன், எழுதியவருக்கும் பயன். கடைசியில் உள்ள அந்தக் காரணம் முக்கியம். கேள்வி கேட்டால் அடி விழும் வீட்டில் வளர்ந்த பெண் வாய்மூடி இருப்பது நம்பக்கூடியது. அந்த வீட்டை ஆசிரியர் முதல் ஐம்பது பக்கத்துக்குள் காட்டியிருந்தால், பேசாமல் இருப்பதே நல்ல தடை ஆகிவிடும். ஆகவே 'தவறான புரிதலை வைத்துக் கதை பண்ணியிருக்கிறார்' என்று பொதுவாகச் சாடவும் கூடாது.

செட்டிநாட்டைக் களமாகக் கொண்ட காதல் நாவல்கள் பெருகிவிட்டதால் அவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கதாநாயகி ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் கொலுசு ஒலிக்க ஓடுகிறாள், பர்மாத் தேக்குத் தூணில் சாய்கிறாள், சிங்கப்பூரில் இருந்து வரும் மாப்பிள்ளை முகப்பில் நின்று பார்க்கிறான், உள்ளே இருந்து மிளகும் பட்டையும் மணக்கின்றன. வீடு இருக்கிறது, அந்த வீட்டில் வாழும் முறை இல்லை. இந்த ஊர் வாசகருக்கு இது எரிச்சல் தரும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நட்டம், கதைக்கு வேண்டிய உண்மையான தடைகள் எல்லாம் அந்த வாழ்முறைக்குள்தான் இருந்தன.

வளவை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். அந்த அறைகள் ஒவ்வொரு கல்யாணமான மகனுக்கும் என்று பிரித்துவிடப்பட்டவை. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களில் கல்யாணம் ஆனதும் மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் 'வேறு வைப்பார்கள்'. அடுப்பு தனி, கணக்கு தனி, கூரை மட்டும் ஒன்று. கோவில் கணக்கில் அந்தத் தம்பதி ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பம். புதிதாக மணமான இருவருக்கு இதில் எவ்வளவு கதை இருக்கிறது! கணவன் மனைவி பேசிக்கொள்ளும் ஒவ்வொரு சொல்லும் முற்றத்தைத் தாண்டி நாலு அறைக்குக் கேட்கும். அவள் அடுப்பில் என்ன வேகிறது என்பது ஓரகத்திக்குத் தெரியும். கோபித்துக்கொண்டு ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அது அன்றைக்கே குடும்பச் செய்தி. இதையெல்லாம் விட்டுவிட்டு, புதுமணத் தம்பதி அந்தப் பெரிய வீட்டில் ஆளில்லாத அரண்மனைபோல ஓடிப் பிடித்து விளையாடினால், ஆசிரியர் அந்த வீட்டைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கோவில். நகரத்தாருக்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோவில்கள். ஒரே கோவிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். பொதுவாகத் தங்களுக்குள் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இல்லை. கல்யாணத்துக்கு இரு வீட்டாரின் கோவிலில் இருந்தும் மாலை வர வேண்டும். இப்போது ஒரு நாவலை நினைத்துப் பாருங்கள். நாயகனும் நாயகியும் பிள்ளையார்பட்டிக் கோவில் என்று எழுதிவிட்டு, வீட்டார் ஆசியோடு கல்யாணம் நடத்தி, வழக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசாமல் ஆசிரியர் முடித்தால் அது வெறும் தகவல் பிழை அல்ல. கதையிலேயே மிகப் பெரிய தடை வாசலில் நின்றிருக்கிறது. அதைப் பார்க்காமல் தாண்டிப் போய், ஓட்டலில் பார்த்த அந்நியப் பெண்ணைத் தடையாக்கி இருக்கிறார். அதேபோல வேற்றுச் சாதியில் காதலிக்கும் நகரத்தார் பையனுக்குக் கோவில் மாலை வராது, அவன் புள்ளி எழுதப்படாது என்ற பயம் அப்பாவின் கோபத்தைவிடப் பெரிதாக இருக்கும். இதை மதிப்புரையில் எடுத்துச் சொல்ல வேண்டும், ஒரு முழுப் பத்தி கொடுத்தே சொல்லலாம்.

வீட்டைப் பற்றியே இன்னொரு தடை இருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பத்து, பதினைந்து பங்குதாரர்கள். ஒருவர் இடித்து விற்கலாம் என்பார், இன்னொருவர் கூடாது என்பார். இடித்த வீட்டின் கதவும் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்வதை இங்குள்ள எல்லாரும் பார்க்கிறோம். காப்பாற்ற நினைக்கும் பெண்ணும் விற்றால்தான் கடன் தீரும் என்ற நிலையில் இருக்கும் பையனும் காதலிக்கட்டும். 'யார் அது?' என்று கேட்டுத் தீர்க்க முடியாத தடை அது.

மற்ற பிழைகளுக்கு இவ்வளவு இடம் தர வேண்டியதில்லை. ஆத்தங்குடி டைல்ஸைச் சூளையில் சுடுவதாக வரும். அது கண்ணாடித் தட்டின் மேல் நிறக்கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது, பளபளப்பு கண்ணாடியால் வருவது, நெருப்புக்கு அங்கே வேலை இல்லை. தாத்தாவை 'அப்பச்சி' என்று அழைப்பாள். இங்கே அப்பச்சி என்றால் அப்பா, தாத்தாவுக்கு ஐயா. மார்கழியில் முகூர்த்தம் வைப்பார்கள். இப்படிப்பட்டவற்றைப் பட்டியல் போட்டு மதிப்புரையை நிரப்புவது மதிப்புரையாளரின் ஊர்ப் பெருமையைத்தான் காட்டும். கதையின் தடையைத் தொடாத பிழைக்கு ஒரு வரி போதும். ஆனால் ஒன்றை விடக் கூடாது: செட்டிநாடு என்றால் பெரிய வீடு மட்டும்தான், அதில் வேலை செய்கிறவர்கள், பக்கத்துத் தெருவில் இருக்கும் பிற சாதியார், இஸ்லாமியர், கிறித்தவர் யாருக்கும் காதல் என்று ஒன்று இல்லை என்பதுபோல எழுதப்படும் நாவல்கள். சமையல்காரரும் ஓட்டுநரும் தட்டை நீட்டவும் கதவைத் திறக்கவும் மட்டும் வந்தால், அதைச் சொல்ல வேண்டும்.

கதாநாயகன் விஷயத்தில் மதிப்புரையாளருக்குத் துணிச்சல் வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அவன் அழகையும் பணத்தையும் பற்றிய வரிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அவன் செய்த காரியங்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வழிமறித்தான். கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தான். வேலையை விடச் சொன்னான். அறைந்தான். பிறகு அழுதான். அந்தத் தாளை வாசிக்கும்போது அவன் காதலனாகத் தெரிகிறானா, காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வேண்டிய ஆளாகத் தெரிகிறானா? நாவலில் இப்படி ஓர் ஆள் வருவது குற்றம் அல்ல. அவன் அறைந்ததை நாவல் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. அறை விழுந்த அடுத்த பத்தியில் அவள் 'அவ்வளவு அன்பு' என்று உருகினால், அந்த இரண்டு பத்திகளையும் அப்படியே மேற்கோள் காட்டுங்கள். தனியாக வசை பாட வேண்டியதே இல்லை. மேற்கோள் காட்டினால் பதிப்பகம் வழக்குப் போடுமோ என்ற பயமும் வேண்டாம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது.

இது இந்தக் காலத்துப் பெண்ணுரிமைப் பேச்சு என்று யாராவது சொன்னால், தொல்காப்பியத்தைக் காட்டலாம். ஒருதலைக் காமம் கைக்கிளை, பொருந்தாக் காமம் பெருந்திணை, இரண்டுக்கும் நடுவில்தான் இருவரும் ஒத்த அன்பாகிய ஐந்திணை. காமம் மிகுந்து வலிந்து நெருங்குவதை அது பெருந்திணையில்தான் வைக்கிறது. எது காதல், எது காதல் அல்ல என்ற வரையறை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. அகப் பாடல்களில் வரும் தோழியையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவள் தலைவனைத் தட்டிக் கேட்பாள், காலம் கடத்தாமல் மணந்துகொள் என்று வற்புறுத்துவாள், தலைவியின் நிலையை உடைத்துச் சொல்வாள். இன்றைய நாவலின் தோழி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு 'அப்புறம் என்னடி ஆச்சு?' என்று கேட்பதோடு சரி. தோழியைக் கதையில் இருந்து எடுத்துவிட்டால் ஏதாவது மாறுகிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனை.

கதாநாயகியின் வேலை எந்தப் பக்கத்தோடு காணாமல் போகிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் கட்டிடக் கலைஞர்; எட்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு அலுவலகமே இல்லை, விடுப்பு எடுத்ததாகவும் தகவல் இல்லை. இது வெறும் கவனக்குறைவாகவும் இருக்கலாம், நாவலின் உள்ளெண்ணமாகவும் இருக்கலாம். எது என்பதைக் கடைசி அத்தியாயம் காட்டிக்கொடுக்கும்.

இணையத்தில் வாரம் இரண்டு அத்தியாயமாக எழுதி, பிறகு அச்சுக்கு வரும் நாவல்கள் இன்று நிறைய. அவற்றின் கோளாறு தனி. வாரக் கணக்கில் காத்திருந்த வாசகருக்காக ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் முன்கதை சொல்லியிருப்பார்கள்; புத்தகத்தில் அது பத்துப் பக்கத்துக்கு ஒரு முறை வந்து குத்தும். ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் அதிர்ச்சியில் முடியும். அடுத்த அத்தியாயத்தின் முதல் வரியிலேயே அந்த அதிர்ச்சி ஒன்றுமில்லாமல் போகும். நடுவில் வாசகர்கள் கேட்டுக்கொண்டதற்காக நீட்டிய இரண்டாம் ஜோடியின் காதல் 80 பக்கம் தின்னும். சித்தப்பா பெயர் மாறும். இதைப் பிடிக்க ஒரு வழி: வாசிக்கும்போதே ஒரு தாளில் இடது பக்கம் உறவுமுறைக் கிளை, வலது பக்கம் மாதம் வாரியாக நடப்பு என்று எழுதிக்கொண்டே போவது. தை மாதம் கல்யாணம், சித்திரையில் ஐந்தாம் மாதம் என்று வளைகாப்பு, ஆடியில் குழந்தை என்றெல்லாம் வருவது அந்தத் தாளில் பளிச்சென்று தெரியும். இங்கே பழி எழுத்தாளரை விடப் பதிப்பகத்துக்கு அதிகம். எடிட்டிங் செய்யாமல் அப்படியே அச்சடித்தது அவர்கள். பத்துப் பக்கத்துக்கு எத்தனை எழுத்துப் பிழை என்று எண்ணி, பதிப்பகத்தின் பெயரிலேயே எழுதுங்கள். நூலாசிரியரே செலவு செய்து 100 பிரதி போட்ட முதல் நாவல் என்றால் குரல் தணியலாம்; குறையை மறைக்கத் தேவையில்லை.

இனிப் பதின்பருவ நாவல். ராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பாவும் தேவகோட்டைத் தமிழ்வாணனும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் எழுதிய மண் இது. இருந்தும் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு என்று தமிழில் தனி அலமாரி இன்னும் சரியாக அமையவில்லை. சாகித்ய அகாதெமி 2010 முதல் தரும் பால சாகித்ய புரஸ்கார் 9 முதல் 16 வயது வரையிலான வாசகர்களுக்கான எழுத்துக்கு உரியது. 2011 முதல் தரும் யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளருக்கு உரியது; அங்கே வயது எழுதுபவருடையது, வாசிப்பவருடையது அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு, யுவ புரஸ்கார் பெற்ற நாவலை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பரிசாக வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. மதிப்புரையில் எந்த வயதினருக்கு என்று ஒரு வரி இருந்தால் இது நேராது.

பதின்பருவ நாவல் ஏமாற்றுவது பெரும்பாலும் கடைசி இருபது பக்கத்தில். அதுவரை தன் குரலில் பேசிக்கொண்டிருந்த பெண் திடீரென்று தலைமையாசிரியர்போலப் பேச ஆரம்பிப்பாள். அல்லது ஒரு மாமாவோ ஆசிரியரோ வந்து எல்லாவற்றையும் தீர்த்துவைப்பார். சிக்கலைத் தீர்ப்பது யார், அவர் எந்தப் பக்கத்தில் கதைக்குள் வருகிறார் என்று பாருங்கள். தீர்ப்பவர் பெரியவராக இருந்து, கடைசியில் வந்து சேர்ந்தால், அது பெற்றோருக்காக எழுதப்பட்ட நாவல். இரண்டாவது கோளாறு, காதலைக் காய்ச்சலாக மட்டும் பார்ப்பது: பிளஸ் டூவில் வந்தது, மதிப்பெண் குறைந்தது, விட்டுத் தொலைத்தாள், நீட் தேர்வில் வென்றாள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஒருவன் மீது ஆசை வருவதும், அதைத் தோழியிடம்கூடச் சொல்ல முடியாமல் இருப்பதும், மூன்றே மாதத்தில் அது தானாக வடிந்துபோவதும் ஒரு நாவலுக்குப் போதுமான விஷயம். தண்டனையும் பரிசும் கொடுக்காமல் அதை எழுதினால் போதும்.

பேச்சையும் கவனிக்க வேண்டும். பதினைந்து வயதுப் பையன்கள் குழுவில் அனுப்பிக்கொள்ளும் செய்திகளை 'நலம்தானே நண்பா' என்று எழுதியிருந்தால் முதல் அத்தியாயத்திலேயே பிள்ளைகள் மூடிவைத்துவிடுவார்கள். மதிப்புரையாளருக்கு வயது நாற்பதுக்கு மேல் என்றால், அந்த வயதுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு எழுதுவது நல்லது. 'பிடித்ததா?' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். எங்கே நிறுத்தினார்களோ அங்கே ஒரு துண்டுச் சீட்டு வைத்துத் தரச் சொல்லுங்கள். மூன்று பேரின் சீட்டும் நாற்பதாம் பக்கத்தைச் சுற்றியே இருந்தால், அந்தப் பக்கங்களைத் திரும்ப வாசித்து, அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பத்திக் கணக்கில் அறிவுரையோ, ஊரின் தல வரலாறோ இருக்கும்.

பதின்பருவ நாவலில் மூன்று விஷயங்களை, கதையை வெளியிடுகிறோமே என்று தயங்காமல் சொல்ல வேண்டும். ஒன்று வயது. பதினேழு வயதுப் பெண்ணும் இருபத்தாறு வயது ஆணும் கொள்ளும் உறவை இனிமையான காதலாக நாவல் காட்டினால், இரண்டு வயதையும் எண்ணாகவே அச்சிடுங்கள். 2012-ஆம் ஆண்டு போக்ஸோ சட்டத்தின்படி பதினெட்டு நிறையாதவர் குழந்தை. இரண்டாவது, தற்கொலை முயற்சி. காதலை நிரூபிக்கும் வழியாகவோ, பெற்றோரை வழிக்குக் கொண்டுவரும் தந்திரமாகவோ அது வந்து, பலிக்கவும் செய்தால், அது கதையின் கடைசித் திருப்பமாகவே இருந்தாலும் சொல்லிவிட வேண்டும்; என்ன செய்தாள் என்ற விவரத்தை மட்டும் எழுத வேண்டாம். அந்த மதிப்புரையின் கீழே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் போடலாம். மூன்றாவது சாதி. இந்த வட்டாரத்தில் பதின்பருவக் காதலில் சாதி தலையிடாத கதை அபூர்வம். பெயர், தெரு, கோவில் எல்லாம் எழுதிவிட்டு அதை மட்டும் ஆசிரியர் எழுதாமல் விட்டிருந்தால் அது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

மற்றபடி கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதற்கு எங்கள் அனுபவத்தில் மூன்றில் ஒரு பங்கு சரியான அளவு. தடை இன்னது என்று தெரியும் வரை சொல்லலாம். அது எப்படித் தீர்கிறது என்று சொல்லக் கூடாது. நானூறு சொல் மதிப்புரை என்றால் கதைக்கு எண்பது சொல்லுக்கு மேல் வேண்டாம். ஐம்பது சொல்லுக்கு மேற்கோள், அதுவும் நாவலின் சராசரி நடையைக் காட்டும் இடத்தில் இருந்து. மிக மோசமான வரியைத் தேடிப் பிடித்துப் போடுவது நியாயமில்லை. நூற்று ஐம்பது சொல் தடைக்கும் பாத்திரங்களுக்கும். மீதியில், நாவல் எதைச் சாதித்திருக்கிறது என்று கட்டாயம் வர வேண்டும். சரியில்லாத நாவலிலும் ஒரு நல்ல அத்தியாயம் இருக்கும்: மாமியாரும் மருமகளும் சேர்ந்து முறுக்குச் சுடும் இடமோ, பேருந்தில் இருவரும் பேசாமல் வரும் இடமோ. அதைப் பக்க எண்ணோடு சொன்னால், அந்த எழுத்தாளரின் அடுத்த நாவலை வாசகர் கவனிப்பார்.

முதல் வாசிப்பில் பென்சில் எடுக்காமல் வாசகராகவே வாசிக்க வேண்டும். எந்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தோம் என்பது அப்போதுதான் தெரியும். மேலே சொன்ன தாளும் குறிப்பும் இரண்டாம் வாசிப்புக்கு. இரண்டாவது முறை முழுவதையும் வாசிக்க நேரம் இல்லாவிட்டால், முதல் மூன்று அத்தியாயமும், தடை எழும் அத்தியாயமும், கடைசி மூன்றும் கட்டாயம். முன்னுரையையும் பின்னட்டையையும் எல்லாம் முடித்த பிறகுதான் பார்க்க வேண்டும். 'எழுத்தாளர் இன்னும் வளர வேண்டும்', 'முயற்சிக்குப் பாராட்டுகள்' என்பன போன்ற வரிகள் எழுத்தாளரைப் பற்றியவை, நாவலைப் பற்றியவை அல்ல, அடித்துவிடலாம். 'பெண்களுக்கான பொழுதுபோக்கு' என்ற சொல்லாட்சியையும் தங்கள் பக்கத்தில் இருந்து நிரந்தரமாக நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மாதம் ஒரு ஞாயிறு, அரைப் பக்கம் ஒதுக்கினால் இரண்டு நாவல்களுக்கு இடம் கிடைக்கும்: ஒன்று காதல் நாவல், ஒன்று பதின்பருவ நாவல். தலைப்பு, பக்கம், விலை ஆகியவற்றோடு எந்த வயதினருக்கு, இணையத் தொடராக முன்பே வந்ததா, மதிப்புரையாளருக்கு நூலாசிரியரையோ பதிப்பகத்தையோ தெரியுமா என்ற மூன்று விவரங்களையும் சேர்த்து அச்சிடுங்கள். மதிப்புரை எழுதுபவருக்கு இரண்டு வாசிப்புக்குரிய நாளும் கூலியும் கொடுங்கள். ஒரு வாரத்தில் ஐந்து புத்தகத்தை அனுப்பி வெள்ளிக்கிழமைக்குள் கேட்டால் பின்னட்டைதான் திரும்பி வரும்.

இப்படிக்கு,
காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர் நூலக வாசகர்கள் சிலர்
சிவகங்கை மாவட்டம்